டாலஸில் ஆலங்கட்டி மழையும் வீட்டுக் கூரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாலஸ் பகுதியில் வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் எப்படி, சொத்து வரி எவ்வளவு, வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.வின் கெடுபிடி உண்டா என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். கூரைக்கு எத்தனை வயது, மேலே ஓடு போல அடுக்கியிருக்கும் ஷிங்கிள் எந்த வகை என்று கேட்பவர்கள் குறைவு. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வரும்போதுதான் அந்த நினைப்பே வரும். ஊரில் ஆலங்கட்டி விழுந்தால் ஓடிப்போய்ப் பொறுக்கியவர்கள் நாம். இங்கே விழுவது அந்த ரகம் இல்லை.

1995 மே 5 அன்று பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் மேஃபெஸ்ட் என்ற திறந்தவெளித் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது சாஃப்ட்பால் அளவுக்குக் கட்டிகள் விழுந்து நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். 2016 ஏப்ரல் 11 அன்று டாலஸுக்கு வடகிழக்கே இருக்கும் வைலி நகரத்தில் கட்டிகள் கூரையைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே விழுந்தன. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வடக்கே ஏறி வருகிறது. மேற்கு டெக்சாஸ் பக்கமிருந்து வறண்ட காற்று வருகிறது. இரண்டும் மோதும் கோட்டில் வசந்த காலத்தில் ராட்சத இடிமேகங்கள் எழும்புகின்றன. மேகத்துக்குள் மேலெழும் காற்று பலமாக இருக்கும் வரை ஐஸ் கட்டி கீழே விழாமல் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த நீர்த்துளிகளைச் சேர்த்துக்கொண்டு பெருத்துக்கொண்டே போகும். மார்ச் முதல் ஜூன் வரை இந்த ஆட்டம்தான். ஏப்ரலும் மேயும் உச்சம்.

ஐஸ் விழுவதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் இங்கே வீட்டுக்காரர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்: மழைக்கு முன்னால் பாலிசியைத் திறந்து பார்க்காததில், மழைக்குப் பின்னால் வாசலில் வந்து நிற்பவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதில்.

பாலிசியைச் சேதத்துக்குப் பிறகு படிப்பது

டிடக்டிபிள் என்பது சேதச் செலவில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. கார் இன்ஷூரன்ஸில் அது 500 டாலர், 1,000 டாலர் என்று ஒரு நிலையான தொகை. அதே நினைப்பில் வீட்டுப் பாலிசியையும் பார்க்கிறோம். டெக்சாஸில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு மட்டும் பெரும்பாலும் தனி டிடக்டிபிள் இருக்கும், அதுவும் சதவீதத்தில். 1 அல்லது 2 சதவீதம் என்பது சாதாரணம். எதில் 2 சதவீதம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சேதத் தொகையில் இல்லை, வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்திருக்கும் மொத்தக் காப்பீட்டுத் தொகையில். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீடு என்றால் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும்.

அடுத்து, கூரைக்கு எந்தக் கணக்கில் பணம் தருவார்கள் என்பது. புதிதாகப் போட ஆகும் முழுச் செலவைத் தரும் பாலிசி ஒரு வகை, ஆர்.சி.வி. என்பார்கள். கூரையின் வயதுக்கு ஏற்பத் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு தருவது இன்னொரு வகை, ஏ.சி.வி. இவை இரண்டுக்கும் உள்ள தூரம் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். புதுக் கூரைக்கு 18,000 டாலர் ஆகிறது, இப்போதிருக்கும் கூரையின் ஆயுளில் பாதி போய்விட்டது, டிடக்டிபிள் 1 சதவீதம், அதாவது 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 9,000 தேய்மானம் கழியும், அப்புறம் டிடக்டிபிள் கழியும், முதல் காசோலை 4,000 டாலருக்கு வரும். ஆர்.சி.வி. என்றால் வேலை முடிந்ததும் அந்த 9,000 திரும்ப வரும். ஏ.சி.வி. என்றால் அந்த 4,000தான் மொத்தமே, மீதி 14,000 உங்களுடையது. டிடக்டிபிள் 2 சதவீதமாக இருந்தால்? ஏ.சி.வி. பாலிசியில் ஒரு டாலர்கூட வராது. மாதா மாதம் பிரீமியம் கொஞ்சம் குறைகிறதே என்று 2 சதவீதத்துக்கு மாறுகிறவர்கள் அந்த 10,000 டாலரைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டு மாறலாம்.

முழுப் பாலிசியில் எல்லாம் உட்கார வேண்டாம். முதல் இரண்டு மூன்று பக்கங்களில் இருக்கும் டிக்ளரேஷன் என்ற சுருக்க விவரப் பகுதியையும், பாலிசியை மாற்றும் சேர்க்கைகளாகப் பின்னால் வைத்திருக்கும் எண்டார்ஸ்மென்ட் பட்டியலையும் பார்த்தால் போதும். கூரைக்கு மட்டும் தனித் தேய்மான அட்டவணை இருக்கிறதா, ‘காஸ்மெட்டிக்’ சேதத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த விலக்கு இருந்தால் உலோகக் கூரை முழுக்கக் குழி விழுந்தாலும், ஒழுகாத வரை அது அழகுக் குறைவுதான், சேதம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் பிப்ரவரியிலேயே பார்த்துவிடுங்கள். புயல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்தபின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு மாற்றச் சொல்வதில் பயனில்லை.

ஒழுகவில்லையே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவது

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஆஸ்பால்ட் ஷிங்கிள். நடுவில் கண்ணாடியிழைப் பாய், இருபுறமும் ஆஸ்பால்ட், மேலே மணல் போன்ற துகள்கள். அந்தத் துகள்கள் வெறும் நிறத்துக்காக இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து ஆஸ்பால்ட்டைக் காப்பாற்றுவது அவைதான். ஆலங்கட்டி அடிக்கும் இடத்தில் துகள் உதிரும், சில சமயம் உள்ளே பாயும் கிழியும். அன்றைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகாது. டெக்சாஸ் கோடை வெயில் இரண்டு வருடம் அந்த இடத்தில் பட்டால் ஷிங்கிள் வெடித்து, சீலிங்கில் பழுப்புக் கறை தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் கிளெய்ம் செய்யும் காலக்கெடு போயிருக்கும். பல பாலிசிகளில் சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான்.

தேசிய வானிலைச் சேவை 2010 முதல் 1 அங்குல ஆலங்கட்டியைத்தான் ‘கடுமையான’ இடிமழையின் எல்லையாக வைத்திருக்கிறது. கால் டாலர் நாணயத்தின் அகலம் அது. கோல்ஃப் பந்து 1.75 அங்குலம், பேஸ்பால் 2.75. நாணய அளவைத் தாண்டி விழுந்தது என்றால் கூரையை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. வயதான ஷிங்கிளுக்கு அந்த அளவே போதும்.

நீங்களே ஏணி போட்டு ஏற வேண்டாம். சாய்வான கூரையில், ஈரத்தில், உதிர்ந்த துகள்களின் மேல் கால் வைப்பது விபரீதம். தரையில் நின்றே நிறையக் கண்டுபிடிக்கலாம். கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலான கட்டரிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் கீழே கறுப்பு மணல் குவிந்திருக்கிறதா? ஏ.சி. வெளி யூனிட்டின் மெல்லிய தகடுகள் மடங்கியிருக்கின்றனவா? ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதா, கட்டரில் குழி விழுந்திருக்கிறதா? மெல்லிய உலோகம் பொய் சொல்லாது. அதில் குழி இருந்தால் ஷிங்கிளிலும் அடி பட்டிருக்க வாய்ப்பு அதிகம். விழுந்த கட்டியை ஒரு நாணயத்தின் பக்கத்தில் வைத்து உடனே படம் எடுங்கள். இரண்டு கட்டியை ஃப்ரீசரில் போட்டு வைத்தாலும் தப்பில்லை, வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. மழைக் காலத்துக்கு முன்னால் எடுத்த கூரைப் படம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ‘இது பழைய சேதம்’ என்ற பேச்சு வராது.

கதவைத் தட்டுபவரிடம் அன்றைக்கே கையெழுத்துப் போடுவது

மழை பெய்த மறுநாள் காலையிலேயே தெருவில் ஆட்கள் வந்துவிடுவார்கள். நல்ல சட்டை, கையில் டேப்லெட், ‘பக்கத்து வீட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறோம், உங்களுடையதையும் இலவசமாகப் பார்த்துவிடுகிறேன்’ என்பார்கள். எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெக்சாஸில் கூரை வேலை செய்ய மாநில உரிமம் எதுவும் தேவையில்லை. லாரியும் ஏணியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ரூஃபர். புயலைத் துரத்திக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போகிறவர்கள் அடுத்த வருடம் உங்கள் கூரை ஒழுகும்போது எந்த ஊரில் இருப்பார்களோ!

கூரையில் ஏறிப் பார்க்க அனுமதி என்று சொல்லி நீட்டும் காகிதத்தைப் படியுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை ஏற்றுக்கொண்டால் வேலையை எங்களுக்கே தர வேண்டும் என்ற ஒப்பந்தமாகவே அது பல நேரம் இருக்கும். விலை போடாத ஒப்பந்தம், காலியிடம் விட்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வேண்டாம். அவசரத்தில் போட்டுவிட்டால், வீட்டு வாசலில் வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய முடியும்.

அடுத்து, கேட்கவே இனிக்கும் ஒரு வாக்கியம் வரும்: ‘டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.’ நம் ஆட்கள் இதில்தான் அதிகம் விழுகிறார்கள், வாட்ஸ்ஆப் குழுவில் அந்த ரூஃபரின் நம்பரைப் பெருமையாகப் பகிரவும் செய்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் இது குற்றம். அவையில் நிறைவேறிய 2102ஆம் மசோதாவின்படி வீட்டுக்காரர் டிடக்டிபிளைக் கட்டியே ஆக வேண்டும். கட்ட வேண்டாம் என்று சொல்லும், திருப்பித் தரும், பில்லைக் கூட்டிப் போட்டு அதில் மறைக்கும் ஒப்பந்தக்காரர் மீது வழக்குப் போடலாம். கட்டியதற்கு ஆதாரம் கேட்க இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒப்பந்தக்காரரைவிட உங்களுக்குத்தான் இதில் தலைவலி அதிகம், பில் ஒன்று, கொடுத்த தொகை ஒன்று என்றால் அது காப்பீட்டு மோசடி. சரி, அதை விடுங்கள். 10,000 டாலரை விட்டுக்கொடுக்கிறவர் அதை எங்கிருந்து எடுப்பார்? மலிவான ஷிங்கிளிலிருந்தும், அடியில் விரிக்காமல் விட்ட தாளிலிருந்தும்தான்.

‘உங்கள் சார்பில் இன்ஷூரன்ஸ்காரரிடம் நாங்களே பேசிப் பணம் வாங்கித் தருகிறோம்’ என்பதும் சட்டப்படி செல்லாது. என்ன சேதம், எவ்வளவு ஆகும் என்று, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டரிடம் ரூஃபர் விளக்கலாம். கிளெய்மை உங்களுக்காகப் பேரம் பேச, உங்கள் தரப்பில் நிற்கும் உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டர் வேண்டும், அவருக்கும் கட்டண உச்சவரம்பு கிளெய்ம் தொகையில் 10 சதவீதம். சாதாரணக் கூரைச் சேதத்துக்கு அவர் தேவைப்படுவது அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளூரில் அலுவலகம் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அவர்களுடைய இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அட்ஜஸ்டர் வருவதற்கு முன்னும் பின்னும்

கிளெய்ம் போடும் முன் மதிப்பீடு டிடக்டிபிளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். 6,000 டாலர் சேதத்துக்கு 10,000 டாலர் டிடக்டிபிள் வைத்துக்கொண்டு கிளெய்ம் போட்டால் கிடைப்பது பூஜ்யம், கிளெய்ம் போட்டீர்கள் என்ற பதிவு மட்டும் மிஞ்சும்.

ஓட்டை விழுந்திருந்தால் உடனே தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ரசீதை வையுங்கள். மேலும் சேதமாகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கும். ஆனால் அட்ஜஸ்டர் பார்ப்பதற்கு முன் நிரந்தர வேலையைத் தொடங்கவோ கழற்றிய ஷிங்கிளைத் தூக்கிப் போடவோ வேண்டாம். கிளெய்ம் கிடைத்ததாக 15 நாட்களுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும், கேட்ட ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் 15 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பெரிய பேரிடர் என்றால் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் மதிப்பீட்டை வேதவாக்காக எடுக்காதீர்கள். ஒரே நாளில் பல கூரைகளில் ஏறி இறங்கும் மனிதர், எதையாவது விட்டுவிடுவார். வேலி, கட்டர், ஏ.சி. தகடு, ஜன்னல் வலை எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிடுங்கள். விட்டுப்போனதற்குப் படத்தோடு கூடுதல் தொகை கேட்பது வழக்கமான நடைமுறைதான். கூரையில் சோலார் தகடு இருந்தால் அதைக் கழற்றித் திரும்ப மாட்டும் செலவையும் சேர்க்கச் சொல்லுங்கள், அது சின்னத் தொகை இல்லை.

திரும்பவும் அதே ஷிங்கிளைப் போடுவது

எப்படியும் மாற்றுகிறோம் என்றால் யு.எல். 2218 என்ற, கூரை அடி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் நான்காம் வகுப்பு பெற்ற ஷிங்கிளை விசாரியுங்கள். 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் கிழியாமல் இருந்தால்தான் அந்தத் தகுதி. பேஸ்பால் அளவுக் கட்டியை அது தாங்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம், ஆனால் கோல்ஃப் பந்து அளவு மழைகளில் வித்தியாசம் தெரியும். டெக்சாஸில் பல நிறுவனங்கள் இதற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. அதற்கு ரூஃபர் பி.சி.068 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். தள்ளுபடியோடு காஸ்மெட்டிக் விலக்கையும் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்.ஓ.ஏ. மறுக்குமோ என்ற பயமும் வேண்டாம்: தெருவில் உள்ள மற்றக் கூரைகளோடு தோற்றத்தில் ஒத்துப்போகும் வரை இத்தகைய ஷிங்கிளைத் தடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் முன் அனுமதி வாங்காமல் தொடங்கினால் கடிதம் வரும்.

இன்னொன்று, வீட்டுக் கடன் இருந்தால் காசோலையில் உங்கள் பெயரோடு வங்கியின் பெயரும் இருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பணம் ஆகாது. சில வங்கிகள் பணத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கத்தான் விடுவிக்கும். இதற்கே சில வாரங்கள் போகலாம் என்பதால் ரூஃபரோடு தேதி பேசும் முன் வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். வேலை முடிந்ததும் புல்தரையிலும் டிரைவ்வேயிலும் காந்தம் உருட்டி ஆணிகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். பிறகு இறுதி பில்லையும் டிடக்டிபிள் கட்டிய ஆதாரத்தையும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பிடித்து வைத்திருக்கும் தேய்மானத் தொகை அப்போதுதான் வரும், அதற்கும் பாலிசியில் ஒரு கடைசித் தேதி உண்டு.