மாங்கோடிபியில் இடம்சார் வினவல் வெறும் கையோடு திரும்பினால்

ஒரு புள்ளிக்கு அருகிலுள்ள கடைகளைக் கேட்டு மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் எழுதிய வினவல், பிழைச்செய்தி எதுவுமின்றி வெற்று விடையைத் தந்தால், வினவலைத் திருத்தத் தொடங்குமுன் ஓர் ஆவணத்தை (ஒரு கடையின் பதிவை) எடுத்து அதன் ஆயத்தொலைவுகளைப் பார்க்க வேண்டும். இடங்களைக் குறிக்கும் ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வரும். கூகுள் மேப்ஸிலிருந்து நகலெடுக்கும் எண்களோ நேர்மாறான வரிசையில் இருக்கும். சென்னைக்கு [80.27, 13.08] என்றிருக்க வேண்டியது [13.08, 80.27] எனப் பதிவானால், அந்தக் கடை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். சிங்கப்பூர்த் தரவில் இதே தவறு நேர்ந்தால், 103.8 என்பது அட்சரேகைக்குரிய 90 என்ற எல்லையைத் தாண்டுவதால், கோளப்பரப்பில் இடங்களைத் தேட உதவும் 2டிஸ்ஃபியர் இண்டெக்ஸ் அதை ஏற்க மறுத்துவிடும். தமிழ்நாட்டின் தீர்க்கரேகைகள் யாவும் 90-க்குள் அடங்குவதால் நமக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டுத் தரவு மட்டுமே உள்ள தொகுப்பில், முதல் எண் 20-க்குக் குறைவான ஆவணங்களைத் தேடினால் புரண்டவை அனைத்தும் சிக்கிவிடும். 4.2 பதிப்பு முதல், அப்டேட் கட்டளைக்குள் எண்வரிசையைத் தலைகீழாக்கும் ரிவர்ஸ்அரே கொண்டு அவற்றை ஒரே வீச்சில் திருப்பலாம். வடிகட்டும் நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் சரியாக இருந்தவையும் புரண்டுவிடும்.

வரிசை சரியாக இருந்தும் விடை வராவிட்டால், அடுத்த சந்தேகம் அலகு. ஜியோஜேசன் புள்ளியோடு வரும் நியர் (அருகிலுள்ளவற்றைத் தேடும்) வினவலில் மேக்ஸ்டிஸ்டன்ஸ், அதாவது உச்ச தூரம், மீட்டரில் அளக்கப்படுவதால், 5 கி.மீ. என்று எண்ணி 5 எனக் கொடுத்தால் ஐந்து மீட்டருக்குள்தான் தேடும். ஒரு வட்டத்துக்குள் தேடப் பயன்படும் சென்டர்ஸ்ஃபியரோ ஆரத்தை ரேடியனில் கேட்கிறது, கிலோமீட்டரைப் பூமியின் ஆரமான 6378.1-ஆல் வகுத்துத் தர வேண்டும்.

நியர் வினவலுக்கு இடம்சார் இண்டெக்ஸ் கட்டாயம். ஓர் எல்லைக்குள் இருப்பவற்றைத் தேடும் ஜியோவிதின் அது இல்லாமலும் ஓடும் என்பதால், இண்டெக்ஸ் விடுபட்டது தெரியாமல் மெதுவாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வினவல் ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயினில் கால்ஸ்கேன் (தொகுப்பு முழுவதையும் துழாவுதல்) என்று வந்தால் காரணம் அதுதான். தரவைப் பல கட்டங்களாகச் செயலாக்கும் அக்ரிகேஷனில், தொலைவுப்படி தேடும் ஜியோநியர் முதல் கட்டமாகவே நிற்க வேண்டும். ஆவணங்களை எண்ணும் கவுண்ட்டாக்குமெண்ட்ஸில் நியர் செல்லாது. எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் ஜியோவிதினும் சென்டர்ஸ்ஃபியரும் போதும்.

பலகோணத்தில் பிழை வந்தால், முதல் புள்ளியே கடைசியிலும் திரும்ப வருகிறதா, எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டுகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.