சாய்ந்து நின்ற கேரவன், குளிராத ஃபிரிட்ஜ்

ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 243 கி.மீ. நீளம், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை போட்ட சாலை. குடும்பத்தோடு கடலை ரசிக்கலாம் என்று போனால், வழியில் அப்பல்லோ பே என்ற ஊரில் கேரவன் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியது. பால் திரிந்தது. தோசை மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. ஃபிரிட்ஜை இயக்கும் கேஸ் சுடரோ நீலமாக ஒழுங்காகத்தான் எரிந்தது.

தரைதான் சாய்வு! இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாயில் இறங்கி ஓட வேண்டும். சாய்ந்தால் தேங்கிவிடும். அணைத்து ஆறவிட்டேன். தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ஆப்புக் கட்டைமேல் ஏற்றி, ரசமட்டத்தை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துச் சரிபார்த்து, மறுபடி பற்றவைத்தேன். காலையில் ஐஸ் கெட்டியாகியிருந்தது. புளித்த மாவில் ஊத்தப்பம் ஊற்றிவிட்டோம்.