அறை மாற்றிய டிஷ் பொக்ஸில் சிக்னல் இல்லையா? ஏணியை எடுக்க முன்னர் பார்க்கவேண்டியவை

ஹோலில் நன்றாக வேலை செய்த பொக்ஸை உள் அறையில் கொண்டுபோய்ப் பூட்டியதும் சிக்னல் இல்லை என்று வந்தால், பலர் முதலில் செய்வது மேலே ஏறி டிஷ்ஸைத் திருப்புவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஷ்ஸும் எல்என்பியும் (டிஷ்ஸின் முன்னால் நின்று சிக்னலை வாங்கி வயரில் இறக்கும் சிறு கருவி) நேற்று இருந்தபடியே இருக்கின்றன. மாறியது வயரும் அதன் மூட்டுகளும் மட்டும். ஒன்றிரண்டு பாகை விலகினாலே டிஷ் செய்மதியைத் தவறவிட்டுவிடும். பிறகு ஒரு பழுது இரண்டு பழுதாகும், எது முதலாவது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

முதலில், சிக்னல் இல்லை என்ற எழுத்தைக் காட்டுவது ரிவியா பொக்ஸா என்று பாருங்கள். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தினால் பொக்ஸின் மெனு வரவேண்டும். வராவிட்டால் டிஷ் பக்கத்தில் பிழையில்லை; ரிவி வேறு எச்டிஎம்ஐ துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஏவி வயர் சரியாகப் பூட்டப்படவில்லை. ரிவி ரிமோட்டின் சோர்ஸ் பட்டனால் மாற்றினால், அல்லது வயரைச் சரியாகப் பூட்டினால் போதும்.

மெனு வந்தால் சிக்னல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே அளவு, தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பார்க்கவேண்டியது தரத்தை. அளவு என்பது வயரில் ஏதோ வருகிறது என்று மட்டுமே சொல்லும். எல்என்பிக்கு மின் போனாலே அது ஓரளவு ஏறிவிடும். இரண்டும் பூச்சியமாக இருந்தால் வயர் அறுந்திருக்கிறது, ஷோட் ஆகியிருக்கிறது, அல்லது எல்என்பிக்கு மின் போகவில்லை.

இனி, பொக்ஸைப் பழைய இடத்திலேயே பழைய வயரில் பூட்டிப் பாருங்கள். படம் வந்தால் டிஷ், எல்என்பி, பொக்ஸ் மூன்றும் சுகம். பழுது புதிதாகச் சேர்த்த வயரில்தான். ஒன்று கவனம்: வயரைக் கழற்றவோ பூட்டவோ முன்னர் பொக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிடுங்கள். ரிமோட்டால் நிற்பாட்டினால் போதாது. அந்த வயருக்குள் 13 அல்லது 18 வோல்ற் ஓடுகிறது. வயரின் நடுக்கம்பி அதைச் சுற்றியுள்ள வெளிப்பின்னலில் பட்டால் பொக்ஸின் எல்என்பி மின்பகுதி கெட்டுப்போகலாம்.

பெரும்பாலான பழுது எஃப் கனெக்டரில், அதாவது வயர் நுனியில் திருகிப் பூட்டும் உலோகத் தலையில், இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீற்றர் நீட்டவேண்டும். குறைந்தால் தொடாது. மிஞ்சினால் வளைந்து உள்ளே வேறெதிலாவது இடிக்கும். பின்னலில் ஒரேயொரு மயிர்க்கம்பி நடுக்கம்பியில் பட்டிருந்தாலும் முழு ஷோட்தான். சந்தேகமென்றால் வெட்டிவிட்டுப் புதிதாகப் பூட்டுங்கள். வெளித்தோலை ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீக்கி, பின்னலைத் தோலின் மேல் பின்புறமாக மடித்து, வெள்ளை நுரைப் பகுதியில் 6 மில்லிமீற்றரை மட்டும் வெட்டி நடுக்கம்பியை வெளியே எடுங்கள். கனெக்டரைத் திருகும்போது வெள்ளைப் பகுதி உள்விளிம்புடன் மட்டமாக வந்து நிற்கவேண்டும். நடுக்கம்பியில் கத்திக் கீறல் விழக்கூடாது. கீறிய இடத்தில்தான் பிறகு முறியும்.

வயர் போதாமல் நடுவில் இரண்டு துண்டுகளை முறுக்கி ரேப் சுற்றியிருந்தால், தேடிய பழுது அதுதான். வீட்டு மின்வயரை இணைக்கும் முறை இங்கே செல்லாது: எல்என்பியிலிருந்து இறங்குவது 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் அலை, முறுக்கிய மூட்டில் அதில் ஒரு பங்கு திரும்பி ஓடிவிடும். இரு முனையிலும் எஃப் கனெக்டர் போட்டு, நடுவில் இரு பக்கமும் துளையுள்ள பெண்-பெண் இணைப்பான் வையுங்கள். நீளத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. டிஷ்ஸுக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 வயர் 10 மீற்றர் கூடினால் இழப்பது 2 முதல் 3 டெசிபல்தான். ஒழுங்காகத் திருப்பிய டிஷ் அதைத் தாங்கும். பழைய அன்ரனாவுக்கு இழுத்த மெல்லிய வயரைச் சேர்த்தால்தான் கதை வேறு.

அந்த அறைச் சுவரில் முன்பே ரிவி சொக்கெற் இருந்தால் அதையும் நம்பாதீர்கள். சாதாரண அன்ரனா சொக்கெற்றும், ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும், 5–1000 மெகாஹேர்ட்ஸ் என்று அச்சிட்ட ஸ்பிளிற்றரும் மேல் அலைவரிசையை விடாது; பல மின்னையும் கடத்தாது. அவற்றைத் தவிர்த்து வயரை நேரே பொக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பொக்ஸின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருந்தால் எல்என்பி இன் என்று எழுதியதில்தான் பூட்டவேண்டும். அவசரத்தில் இது அடிக்கடி மாறிப்போகிறது.

சில சானல் வந்து சில வராமல் நிற்பது இன்னொரு வகை. சாதாரண எல்என்பி 13 வோல்ற்றில் செங்குத்து அலையையும் 18 இல் கிடை அலையையும் எடுக்கும். துருப்பிடித்த மூட்டு வோல்ற்றைக் குடித்துவிட்டால் எல்என்பி 18 க்கு மாறாது, கிடைப் பக்கச் சானல்கள் ஒருசேரக் காணாமல் போகும். எல்என்பியைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீற்றர் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுமை இல்லாதபோது கெட்ட மூட்டும் 18 காட்டும். சரியான வழி, வயரின் இரு முனையையும் கழற்றி, ஒரு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துப் பிடித்து, மறுமுனையில் ஓம் அளப்பது. சில ஓம்தான் வரவேண்டும். சேர்க்காமல் அளந்தால் எதுவுமே காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ ஷோட். ஒற்றை வாய் எல்என்பியில் ஸ்பிளிற்றர் போட்டு இரண்டு பொக்ஸ் ஓட்டினாலும் இதே குழப்பம்தான்: ஒன்று 18 கேட்டதும் மற்றது தன் 13 வோல்ற் சானல்களை இழந்துவிடும். அதற்கு இரண்டு வாய் எல்என்பி போடுவதே தீர்வு.

பழைய அறையிலும் படம் வராவிட்டால்தான் வெளியே போகவேண்டும். வயரை இழுத்துப் புதுப்பாதையில் விட்டபோது எல்என்பி முனைக் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். குருநகர், பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று அந்தக் கனெக்டரைப் பச்சை பூக்க வைத்துவிடும், தொட்டதும் உதிரும். பச்சை ஏறிய வயரைச் சுரண்டிப் பயனில்லை. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் பூட்டுங்கள், மேலே தானாக ஒட்டும் ரப்பர் ரேப் சுற்றுங்கள். வயர் யன்னலுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மாரி மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அறைக்குள் வராது. மின்னல் நேரத்தில் கூரைக்கு ஏறவேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் தரம் பூச்சியமென்றால் பொக்ஸையும் சிறிய ரிவியையும் டிஷ்ஸடிக்குக் கொண்டுபோய், 2 மீற்றர் நல்ல வயரில் எல்என்பியுடன் நேரே பூட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் நீள வயரை முழுதாக மாற்றுங்கள். வராவிட்டால் வேறொரு எல்என்பி போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால்தான் டிஷ்ஸின் ஆணியைத் தளர்த்தலாம். அதற்கு முன்னர் இப்போதிருக்கும் நிலையைக் குழாயிலும் தாங்கியிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.