ஜூனோஸ் ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் அமைத்து பிஜிபி பாலிசி எழுதும் முறை

ஜூனிப்பர் ரவுட்டர்களில் இயங்கும் ஜூனோஸ், ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம். அதில் எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்வது ரவுட்டிங் எஞ்சின். அந்த முடிவின்படி பாக்கெட்டுகளைக் கடத்துவது பாக்கெட் ஃபார்வர்டிங் எஞ்சின். ரவுட்டிங் எஞ்சினுக்குள் இன்டர்ஃபேஸ்களை (கேபிள் இணையும் முகப்புகளை) டிசிடி என்ற நிரலும், புரோட்டோகால்களையும் பாலிசிகளையும் (எந்த வழித்தடத்தை ஏற்பது, அறிவிப்பது என்ற விதிகளையும்) ஆர்பிடி என்ற நிரலும் கவனிக்கின்றன. ஒரு கேபிளைப் பிடுங்கினால் அந்த இன்டர்ஃபேஸுக்குரிய நேரடி வழித்தடம் அட்டவணையிலிருந்து நீங்கிவிடுவதற்கு, இவை ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறிக்கொள்வதே காரணம்.

இரண்டு இணையச் சேவை நிறுவனங்களோடு பிஜிபி (வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகள் தங்களுக்குள் வழித்தடங்களை அறிவித்துக்கொள்ளும் புரோட்டோகால்) வழியாக இணைந்திருக்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்த முகவரித் தொகுதி 198.51.100.0/24 என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி.

படி 1: இன்டர்ஃபேஸின் பெயரைப் படித்தல்

ஜிஇ-0/0/1 என்ற பெயரில் ஜிஇ என்பது கிகாபிட் ஈதர்நெட்; எக்ஸ்இ என்றிருந்தால் 10 கிகாபிட். அடுத்துள்ள மூன்று எண்கள் முறையே கார்டு, அதிலுள்ள பிக் (போர்ட்டுகளைத் தாங்கும் துணைப் பலகை), போர்ட் ஆகியவற்றைக் குறிக்கும்; எண்ணிக்கை 0 முதல் தொடங்கும். எம்டியு (ஒரே பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) போன்ற வன்பொருள் சார்ந்தவற்றை இந்தப் பெயரின் கீழ் நேரடியாகவும், ஐபி முகவரியை அதற்குள் யூனிட் 0, ஃபேமிலி ஐநெட் என்ற பிரிவிலும் எழுத வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் யூனிட்டை விட்டுவிட்டு முகவரி எழுதப் பார்ப்பதுண்டு. ஜூனோஸ் அதை ஏற்காது.

படி 2: முகவரி கொடுத்து கமிட் செய்தல்

முதல் நிறுவனத்தை நோக்கிய இன்டர்ஃபேஸுக்கு 192.0.2.2/30 என்ற முகவரியைக் கொடுங்கள். நீங்கள் எழுதுவது உடனே நடைமுறைக்கு வராது. கமிட் கட்டளை கொடுக்கும் வரை அது வரைவு நிலையிலேயே இருக்கும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் வெறும் கமிட் கொடுக்காமல் 'கமிட் கன்ஃபர்ம்ட் 5' என்று கொடுப்பதே நல்லது. ஐந்து நிமிடங்களுக்குள் மீண்டும் கமிட் கொடுத்து உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் ரவுட்டர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டியதில்லை.

பிறகு 'ஷோ இன்டர்ஃபேசஸ் டெர்ஸ்' கட்டளையைப் பாருங்கள். அட்மின் அப், லிங்க் டவுன் என்று வந்தால் கேபிளையோ, ஆப்டிக் மாட்யூலையோ, எதிர்முனையையோ சோதிக்க வேண்டும். அட்மினே டவுன் என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள்.

படி 3: பாலிசி எழுதுதல்

அறிவிக்க வேண்டிய தொகுதி அட்டவணையில் இருக்க வேண்டும் என்பதால், 198.51.100.0/24 என்பதற்கு ஒரு ஸ்டாட்டிக் (கையால் எழுதும்) வழித்தடத்தை டிஸ்கார்ட் (பாக்கெட்டைக் கைவிடு) என்று எழுதுங்கள். அடுத்து ஒரு பாலிசி ஸ்டேட்மென்ட் தொடங்கி, முதல் டெர்மில் (பாலிசிக்குள் உள்ள ஒரு விதி) நிபந்தனைக்குரிய ஃப்ரம் பகுதியில் புரோட்டோகால் ஸ்டாட்டிக் என்றும், ரவுட் ஃபில்டரில் அதே தொகுதியை எக்ஸாக்ட் என்றும், செயலுக்குரிய தென் பகுதியில் அக்செப்ட் என்றும் குறிப்பிடுங்கள். இதை இரண்டு நிறுவனங்களுக்குமான பிஜிபி குழுக்களிலும் எக்ஸ்போர்ட் பாலிசியாக, அதாவது வெளியே அறிவிப்பவற்றுக்கான பாலிசியாக, இணைக்க வேண்டும்.

இத்துடன் நிறுத்தினால் ஆபத்து. உங்கள் டெர்ம் எதிலும் பொருந்தாத வழித்தடம் அப்படியே கைவிடப்படுவதில்லை; அது அந்தப் புரோட்டோகாலின் இயல்புநிலைப் பாலிசிக்குப் போகிறது. ஓஎஸ்பிஎஃப் என்ற உள் வலையமைப்புப் புரோட்டோகாலின் எக்ஸ்போர்ட்டில் அந்த இயல்புநிலை மறுப்பாக இருக்க, பிஜிபியிலோ பிஜிபி மூலம் கற்று நடப்பில் உள்ள எல்லா வழித்தடங்களையும் அறிவிப்பதாக இருக்கிறது. ஆகவே முதல் நிறுவனத்திடம் கற்றவற்றை இரண்டாவது நிறுவனத்திடம் உங்கள் அலுவலகம் அறிவித்துவிடும். ஊரார் போக்குவரத்தெல்லாம் உங்கள் சிறிய இணைப்பின் வழியே பாய முயலும். 2019 ஜூன் 24 அன்று பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் நிறுவனம், ஒரு சேவை நிறுவனத்திடம் பெற்ற வழித்தடங்களை மற்றொன்றான வெரைசனுக்கு அறிவித்தது. வெரைசன் அவற்றை வடிகட்டாமல் பரப்பியதால் கிளவுட்ஃப்ளேர் உள்ளிட்ட பல சேவைகள் பாதிக்கப்பட்டன.

இதற்குத் தீர்வு ஒரே வரிதான்: ஃப்ரம் பகுதியே இல்லாத இறுதி டெர்ம் ஒன்றைச் சேர்த்து, அதில் தென் ரிஜெக்ட் என்று எழுதுங்கள். ஃப்ரம் இல்லாத டெர்ம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆகவே அது கடைசியிலேயே இருக்க வேண்டும்.

படி 4: சரிபார்த்தல்

'ஷோ ரவுட் அட்வர்டைசிங்-புரோட்டோகால் பிஜிபி 192.0.2.1' என்ற கட்டளை (192.0.2.1 என்பது முதல் நிறுவனத்தின் முனையிலுள்ள முகவரி), எக்ஸ்போர்ட் பாலிசியைக் கடந்து வெளியே செல்பவற்றைக் காட்டும். 198.51.100.0/24 மட்டுமே தெரிய வேண்டும். எதுவும் வராவிட்டால், பிஜிபி இணைப்பு நிலைபெற்றிருக்கிறதா என்பதையும், அட்டவணையில் அந்த ஸ்டாட்டிக் வழித்தடத்துக்கு நடப்பில் இருப்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறு வழித்தடங்களும் தெரிந்தால், ரிஜெக்ட் டெர்ம் விடுபட்டிருக்கலாம், அல்லது பாலிசி அந்தக் குழுவில் இணைக்கப்படாமல் இருக்கலாம். இரண்டாவது நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்தும் இதே கட்டளையை இயக்கிப் பாருங்கள்.