ஷூட்டர் விளையாட்டுக்கு மவுஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 26,000 டிபிஐ என்ற எண்ணை நம்பி வாங்குவதே பலரும் செய்யும் முதல் தவறு. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை நகர்வுகளைச் சொல்கிறது என்பதே டிபிஐ. அது துல்லியத்தின் அளவு அன்று. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற ஷூட்டர் விளையாட்டில் 800 டிபிஐயும், சென்சிட்டிவிட்டி (மவுஸ் நகர்வுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று விளையாட்டுக்குள் வைக்கும் அளவு) 1-உம் வைத்தால், ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறக்குறைய 52 செ.மீ. நகர்த்த வேண்டும். டிபிஐயை மட்டும் 26,000 ஆக்கினால் அதே சுற்றுக்கு 1.6 செ.மீ. போதும். விரல் லேசாக நடுங்கினாலே குறி எதிரியை விட்டுச் சுவருக்குப் போய்விடும். தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் 400 முதல் 1600 டிபிஐக்குள்தான் ஆடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கையை அளக்காமல் வாங்குவது. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை நீளத்தையும், கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் பிடியைக் கவனியுங்கள். உள்ளங்கை முழுவதும் படியும்படி பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த நீளமான மவுஸ் வேண்டும். விரல் நுனிகளால் மட்டும் நகர்த்துபவருக்கு அதுவே இடைஞ்சல். என் கைக்குச் சற்றே அகலமான ஒரு மவுஸுடன் நான் பல மாதங்கள் ஆடினேன். தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கங்களை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கத்தில் குறி தடுமாறியது. நானோ பயிற்சி போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சிறிய மவுஸுக்கு மாறிய பிறகுதான் காரணம் விளங்கியது.

குறைந்த சென்சிட்டிவிட்டியில் ஆடுபவர் மவுஸை அடிக்கடி தூக்கி வைப்பார் என்பதால் எடையும் முக்கியம். நூறு கிராமுக்கு மேற்பட்டதற்கும் 60 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மணி நேர ஆட்டத்தில் மணிக்கட்டே உணரும். ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று வடிவத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வயர்லெஸ் என்றாலே தாமதம் என்று ஒதுக்குவது பழைய எண்ணம். நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருடன் வருபவை வயர் மவுஸுக்குச் சளைத்தவை அல்ல. தவறு நடப்பது வேறு இடங்களில்: புளூடூத் இணைப்பில் ஆடுவது, ரிசீவரைக் கணினியின் பின்புறம் யுஎஸ்பி 3.0 சாதனங்களுக்கு நடுவே செருகுவது. யுஎஸ்பி 3.0 அந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். ஒரு நீட்டிப்பு வயர் மூலம் ரிசீவரை மவுஸுக்கு அருகில் கொண்டுவந்துவிடுங்கள்.

8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் பெரும்பாலோருக்கு வீண். 1000 ஹெர்ட்ஸில் மவுஸ் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது, 8000-இல் 0.125-க்கு ஒருமுறை. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு காட்சி மாறவே 16.7 மில்லி விநாடி ஆகும். பிராசஸருக்கும் பேட்டரிக்கும் சுமை கூடுவதுதான் மிச்சம்.

வாங்கிய பின் விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற தெரிவை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், மவுஸின் நகர்வை நேரடியாகப் படிக்காத விளையாட்டுகளில் கை நகரும் வேகத்தைப் பொறுத்துத் தொலைவு மாறும். கைக்குப் பழக்கம் படியாது. மவுஸ்பேடையும் மறக்க வேண்டாம். மேலே சொன்ன அமைப்பில் பின்னால் வரும் எதிரியை நோக்கித் திரும்பவே 26 செ.மீ. தேவை. 20 செ.மீ. பேடில் அதற்குள் மவுஸ் கீபோர்டில் முட்டிவிடும்.