கையெழுத்து இல்லாத வாரம் கணக்கில் வராது

கலிபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ. (மனநல சிகிச்சையும் தரும் சமூகப் பணியாளர்) உரிமம் வாங்க, மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் உழைத்தாலும் எண்ண மாட்டார்கள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் அசோசியேட் பதிவுக்கு, அதாவது உரிமத்துக்கு முந்தைய பயிற்சி நிலைப் பதிவுக்கு, விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம், அந்த வாரம் பார்த்த மணி நேரத்தை எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கும் வாராந்திரப் பதிவுத் தாள். நான் கோட்டை விட்டது இதில்தான். என் முதல் மேற்பார்வையாளர் திடீரென வேலையை விட்டுப் போனபோது ஐந்து வாரத் தாளில் கையெழுத்து இல்லை. அவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் புதிய மேற்பார்வையாளருடன் சந்திப்பு முடிந்து நாற்காலியை விட்டு எழும்முன் தாளை நீட்டிவிடுவேன். அவர் முறைப்பார், சரி, முறைக்கட்டும்.

சந்திப்புக்கு ஐந்து கேஸ் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும். “அடுத்து என்ன செய்யட்டும்?” என்பதைவிட, “அந்த அம்மா அழுதபோது நான் ஏன் பேச்சை மாற்றினேன்?” என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே முழு மணி நேரமும் போனது. குழுச் சந்திப்பில் இப்படி மனம்விட்டுப் பேச எனக்கு வரவில்லை. எட்டுப் பேர் வரை இருப்பார்கள்.

மேற்பார்வையாளர் மாறினால், பழையவரிடம் அனுபவச் சான்றுப் படிவத்தை அன்றே வாங்கிவிடுங்கள்.