பைபாஸுக்கு அப்புறம் இதயத்தை சுத்தி நீர் திரும்பத் திரும்ப சேருதா?

அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு மூணாவது வாரம், தையலெல்லாம் ஆறிடுச்சுன்னு நிம்மதியா இருந்தப்ப லேசா ஜுரம், மல்லாந்து படுத்தா நெஞ்சு குத்துது, எழுந்து குனிஞ்சாப்ல உக்காந்தா குறையுது. ராத்திரி முழுக்க மடியில தலகாணிய கட்டிப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். எக்கோ எடுத்தா, இதயத்தை சுத்தியிருக்க பைல நீர்.

அந்தப் பைல எல்லாருக்குமே கொஞ்சம் நீர் இருக்கும், 15லேர்ந்து 50 மில்லி வரைக்கும். ஆபரேஷன்ல பைய வெட்டித் திறக்குறதால உடம்போட எதிர்ப்பு சக்தி அது மேலயே பாய்ஞ்சு வீக்கமாகி நீர் கூடுது. கிருமியால வர்றது இல்ல, அதனால ஆன்டிபயாடிக் போட்டு இது போகாது.

எக்கோல நீரோட தடிமன் 10 மிமீக்குள்ள இருந்தா சின்னது, 20ஐ தாண்டினா பெருசு. உடம்புல வீக்கம் எவ்வளவுன்னு காட்டுற சிஆர்பி ரத்த டெஸ்டும் பாத்துடுங்க. வலி, ஜுரம் எதுவும் இல்லாம சின்னதா நீர் மட்டும்னா மாத்திரை தராம எக்கோ மட்டும் திரும்ப எடுத்துப் பாப்பாங்க, பயப்படாதீங்க.

வீக்கம் இருந்தா ஆஸ்பிரின் மாதிரி ஒண்ணும் கூட கோல்சிசின்னு வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரையும் தருவாங்க. பைபாஸ் ஆனவங்க ப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரைய கடைல கேட்டு வாங்கவே கூடாது. கோல்சிசின் வழக்கமா 70 கிலோவுக்கு மேலன்னா 0.5 மிகி ரெண்டு வேளை, கீழன்னா ஒரு வேளை, முதல் தடவைன்னா 3 மாசம், திரும்பி வந்தா 6 மாசமாவது. வயித்தால போகும், கிட்னி வீக்குன்னா டோஸ் குறைப்பாங்க, கிளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் கூட சேந்தா விஷமாயிடும். நம்ம செங்காந்தள் கிழங்குல இருக்கறதும் இதே சரக்குதான், அதுக்காக கிழங்கை அரைச்சுக் குடிச்சிடாதீங்க, உயிரே போயிடும்.

நாங்க சறுக்குனது இங்கதான், வலி போச்சுன்னு பத்தே நாள்ல எல்லாத்தையும் நிறுத்திட்டோம், அடுத்த ரெண்டு வாரத்துல நீர் திரும்ப வந்துடுச்சு. சிஆர்பி இறங்கினப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல மெதுவா குறைங்க. ஸ்டீராய்டு சட்டுனு கேக்கும், ஆனா வேகமா குறைச்சா மறுபடி வரும், அதனால அது அடுத்த கட்டத்துக்குத்தான்.

மூச்சு முட்டுது, பிபி இறங்குது, கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணு இருட்டுதுன்னா 108தான், காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். இப்படி அவசரம்னா ஊசி விட்டு நீரை எடுப்பாங்க, எடுத்தும் நிக்காம சேந்துக்கிட்டே இருந்தா பைல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டி விடுவாங்க. அப்பாவுக்கு அது வரைக்கும் போகல, ஆறாவது மாச எக்கோல நீரே தெரியல.